கிள்ளான் பெயரை விழுங்கிய லைப்ரரி

மலேசியாவில், பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சின்ன கம்பெனியில் லோஜினி புரோகிராமர். பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கிளை வைத்திருந்த ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு அவள்தான் மென்பொருள் எழுதிக் கொடுத்தாள். இரண்டு கிளையும் ரிப்போர்ட்டுக்கு ஒன்றிலிருந்து நம்பர் போடும். அங்கேயும் ஒரு ஐந்நூறு, இங்கேயும் ஒரு ஐந்நூறு. எந்த ஊர் ஐந்நூறு என்று சொல்ல, கோப்பின் முகவரியில் இருந்த கணினிப் பெயரை விட்டால் வேறு வழியில்லை.

அந்தப் பெயரைத்தான் கம்பெனியின் பழைய லைப்ரரி, அதாவது எல்லா மென்பொருளுக்கும் பொதுவாக எழுதி வைத்த நிரல் தொகுப்பு, விழுங்கிக்கொண்டிருந்தது. ஃபைல் முகவரியில் இரண்டு சாய்கோட்டுக்கு அடுத்து வருவது கணினியின் பெயர், அப்புறம்தான் கோப்பின் பாதை. உலகம் ஒப்புக்கொண்ட விதி அது. இந்தச் சோம்பேறி லைப்ரரியோ பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு, உட்கார்ந்த கிளையிலேயே அதே நம்பரில் கிடைத்த கோப்பை எடுத்து நீட்டும். நோயாளியின் பெயரைத் திரை வேறெங்கிருந்தோ எடுத்து மேலே போட்டுக்கொள்ளும். பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்?

லோஜினிக்கு வந்தது. பதறிப்போய் விதிப்படி திருத்தினாள்.

மறுநாளே பிரிக்ஃபீல்ட்ஸ் கவுன்டர் அலறியது. பழைய ரிப்போர்ட்டுகளின் முகவரிகளை யாரோ ஒரு புண்ணியவான் கணினிப் பெயரே இல்லாமல் எழுதி வைத்திருந்தான். விதிப்படி பெயரைத் தேடியபோது அவற்றில் ஒன்றும் திறக்கவில்லை.

முதலாளி யுகேந்திரன் அவளை வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். முக்கியமான எதையும் அவர் ஆபீஸில் பேசமாட்டார், சோற்றுக்கு முன்னால்தான் பேசுவார்.

"பழையபடி மாத்திடு லா. கஸ்டமர் கத்துறான்."

"பழசையெல்லாம் திருத்த ஒரு வாரம் குடுங்க, பாஸ். இப்படியே விட்டா கிள்ளான் ஆளுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் ஆளோட ரிப்போர்ட் வரும். உயிர் விஷயம்."

"இத்தனை வருஷம் வரலியே? நீ போட்டதை நீயேதான் எடுக்கணும், அதான் நம்ம வழக்கம். இன்னிக்கே எடுத்துடு."

"அப்படின்னா ஒரு ஈமெயில்ல சொல்லிடுங்க, பாஸ்."

யுகேந்திரன் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. "என்ன லோஜினி, உன் கல்யாணத்துல முன்னுக்கு நின்னு பந்தி பரிமாறுனவன் நான். நமக்குள்ள எழுத்தா?"

அவளுக்குக் கூசிப்போனது. நம் ஆட்களிடம் எழுத்தில் கேட்டால் முகத்தில் அடித்த மாதிரி. வேறு யாராவது முதலாளியாக இருந்தால் விட்டிருப்பாளா? அன்று மாலையே திருத்தத்தை எடுத்துவிட்டாள்.

கிள்ளானில் ரத்தம் கொடுத்த நேசம்மா, பிரிக்ஃபீல்ட்ஸ் டாக்டரிடம் ரிப்போர்ட் பார்க்க வந்தார். திரையில் மேலே அவர் பெயர், கீழே யாரோ ஒரு புண்ணியவதியின் சுத்தமான ரத்தம். "ஒன்னும் இல்ல ஆன்டி, நல்லா இருக்கீங்க," என்றார் டாக்டர். அந்த மனுஷி சந்தோஷத்தில் கோயிலில் பொங்கல் வைத்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார். உடம்பு நாளுக்கு நாள் இளைத்து, மகள் கிள்ளான் கிளைக்கே போய் உண்மையான ரிப்போர்ட்டை வாங்கியபோது, ரத்தப் புற்று முற்றிவிட்டிருந்தது.

பரிசோதனைக் கூடத்துக்காரர் நேரே ஆபீஸுக்கு வந்து மேசையைத் தட்டினார். "யார் செஞ்ச வேலை இது?"

யுகேந்திரன் கணினியை அவர் பக்கம் திருப்பினார். யார், எதை, எப்போது மாற்றினார்கள் என்பது வரிசையாக இருந்தது.

"பாஸ், நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?" என்றாள் லோஜினி.

"நானா? எழுத்துல ஏதும் இருக்கா?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். பாவத்திலும் தனக்குப் பங்கு உண்டு என்பதுதான் அவள் நெஞ்சை அறுத்தது. தெரிந்தே எடுத்தாளே! கூடத்துக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையில் இருந்ததைச் சத்தமாக வாசித்தார். கிள்ளான் பெயரைத் தூக்கி எறிந்த கணினி, லோஜினி முத்துக்குமாரு என்ற பெயரை அப்பா பெயரோடு பத்திரமாக வைத்திருந்தது.