அரைக்கண் பூனையும் ஊர்த்தலைவர் நாற்காலியும்

சுவார்ஜோ ஊர்த்தலைவர் தேர்தலில் நிற்கிறார் என்றால், கூடவே அவருடைய பூனையும் நிற்கிறது என்றுதான் எங்கள் ஜாவாக் கிராமத்தில் பொருள். பூனையின் வாலையும் நிறத்தையும் பார்த்து, வளர்ப்பவரின் விதியைச் சொல்ல எங்களிடம் ஆள் உண்டு. சுவரொட்டிப் படத்துக்காகப் பூனையைச் சுத்தப்படுத்தப் போன சுவார்ஜோ, துடைப்பக் குச்சியால் அதன் காதைக் குடைந்துவிட்டார். சில நாளில் இடது இமை சரிந்தது. கருமணி கடுகாகச் சுருங்கியது. மூக்கோரத்திலிருந்து ஒரு சவ்வு ஏறிப் பாதிக் கண்ணை மூடியது.

பூனை லட்சணம் பார்க்கும் க்ரோமோ வந்தார். பூனையைக் கும்பிட்டார்.

"ஒரு கண்ணு ஊரைப் பாக்குது, ஒரு கண்ணு உள்ளுக்குள்ள பாக்குது. இதை வளக்கிறவரு ஆளப் பொறந்தவரு, பாக்!" என்றார். ஐயா என்பதை நாங்கள் 'பாக்' என்போம்.

சுவரொட்டி அச்சானது. அதில் பூனை, பக்கத்தில் அதேபோல் இடக்கண்ணைப் பாதி மூடியபடி சுவார்ஜோ. மேடையிலும் அப்படியே பேசினார். "யாரைப் பாத்துய்யா கண்ணடிக்கிறாரு?" என்று பெண்கள் முன்வரிசையைக் காலி செய்தார்கள்.

மனைவி தர்மினி கால்நடை மருத்துவர் ரெத்னோவை அழைத்து வந்தாள்.

"கண்ணுல ஒண்ணுமில்ல. காதுக்குள்ள புண்ணு. கண்ணுக்குப் போற நரம்பு அந்த வழியாத்தான் போகுது. காது ஆறினா கண்ணும் தொறந்துரும்."

சுவார்ஜோ பதறினார். "தொறந்துருமா? தேர்தல் முடியட்டும் டாக்டரம்மா!"

"நேரா நடக்க முடியாம செவுத்துல முட்டுதுங்க," என்றாள் தர்மினி.

"ஆளப் பொறந்தது அப்படித்தான் முட்டும்."

தர்மினி அடுக்களைக்குப் போனாள். ரெத்னோ தந்த மாத்திரையை அவித்த மீனுக்குள் மறைத்துத் தினமும் ஊட்டினாள்.

கடைசிப் பிரச்சாரக் கூட்டத்தில் சுவார்ஜோ பூனையைத் தலைக்கு மேல் தூக்கினார். அது இரண்டு உருண்டைக் கண்ணாலும் கூட்டத்தைப் பார்த்தது. கூட்டமும் அதைப் பார்த்தது.

"லட்சணம் எங்கய்யா போச்சு?" என்றது ஒரு குரல்.

க்ரோமோ மேடைக்குத் தாவி ஏறினார். "வந்த வேலை முடிஞ்சுது, கண்ணைத் தொறந்துட்டுது! பதவி வந்து சேந்தாச்சு!"

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. சுவார்ஜோவே கண்கலங்கித் தட்டினார்.

வாக்குப்பதிவு நாளில் அவருடைய ஆட்கள் வெங்காய வயலுக்குப் போய்விட்டார்கள். வந்து சேர்ந்துவிட்ட பதவிக்கு வெயிலில் எதற்கு வரிசை? பூனையே வளர்க்காத எதிராளி ஜெயித்தார்.

அன்று மாலை சுவார்ஜோ கண்ணாடி முன் நின்று முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வாரக்கணக்கில் பழக்கிய இடக்கண் முழுதாகத் திறக்க மறுத்தது.

தர்மினி மீன் தட்டோடு வந்தாள்.

"இப்படி உக்காருங்க பாக். காதைக் காட்டுங்க."