அவளக் கேளுங்க

அப்பாவை மறுபக்கம் திருப்பிப் படுக்கவைத்து, முதுகில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் குதிரை வண்டி வந்து நிற்கும் சத்தம் எஸ்தருக்குக் கேட்டது. அவள் ஆளனுப்பி வரச்சொன்ன சுவிசேஷகர் தேவசகாயம் வந்துவிட்டார்.

வயிற்றில் கட்டி. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரையில் டாக்டர்கள் கைவிரித்து எட்டு நாளாகியிருந்தது. பயில்வான் மாதிரி இருந்த போலீஸ் ஏட்டு மாசிலாமணி, ஐம்பத்து நான்கு வயதில், மகள் ஒருத்தியே புரட்டிவிடும் அளவுக்கு வற்றிப்போயிருந்தார்.

அவர் சாவதைவிடப் பெரிய பயம் ஒன்று எஸ்தருக்கு இருந்தது. இரண்டு வருடமாக அவள் கோட்டையூர் உபவாச ஜெபக் கூட்டத்துக்குப் போய்வருகிறாள். அங்கே ஆவியின் அபிஷேகம் பெற்றவர்கள் கதறி அழுவார்கள், யாருக்கும் புரியாத அந்நிய பாஷை பேசுவார்கள். அப்பாவோ கோயிலில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து வருகிறவர். ஒருநாளும் சபை முன் எழுந்து சாட்சி சொன்னதில்லை. அபிஷேகம் இல்லாமலே போய்விடுவாரோ என்றுதான் அவள் சுவிசேஷகருக்கு ஆளனுப்பினாள்.

சுவிசேஷகர் கட்டிலருகே முழங்காலில் நின்று நெடுநேரம் ஜெபித்தார். அடுக்களையிலிருந்து அம்மா புஷ்பம் வந்து, வலது காதை அவர் பக்கம் கொடுத்து நின்றாள். அவளுக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் காய்ச்சலில் போனது என்று சொல்லித்தான் எஸ்தரை வளர்த்திருந்தார்கள்.

ஜெபம் முடிந்ததும் சுவிசேஷகர் குனிந்தார். "ஒரே ஒரு கேள்விதேன் ஏட்டையா. பரிசுத்த ஆவியப் பெத்துக்கிட்டீகளா?"

அப்பா கண்ணைத் திறந்தார். பொய் சொல்லிவிடக் கூடாதே என்பதுபோல யோசித்தார்.

"எனக்குத் தெரியலய்யா. அவளக் கேளுங்க."

எஸ்தரின் முகம் சுண்டிவிட்டது. அது அவரவருக்கும் ஆண்டவருக்கும் உள்ள காரியம், வீட்டுக்காரி எப்படிச் சொல்ல முடியும் என்றார் சுவிசேஷகர். அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அம்மா அயலார் முன்னால் வாய் திறக்கிறவள் இல்லை. அன்றைக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இந்தக் காது காச்சல்ல போகல. இவுக கையால போனது."

எஸ்தர் துணியைப் பிழியாமலே நின்றாள்.

கல்யாணமாகிப் பதினொரு வருடம் அடி வாங்கியதை அம்மா சொன்னாள். ஸ்டேஷனில் அடித்த மிச்சத்தை வீட்டில் அடித்தாராம். அப்போதும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனவர்தான். அறுபத்தொன்றாம் வருடம் பொட்டலில் நடந்த சுவிசேஷக் கூட்டத்துக்கு அவரைப் பந்தோபஸ்து போட்டார்கள். மூன்று நாள் பந்தலுக்கு வெளியே லத்தியோடு நின்றார். என்ன கேட்டாரோ, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து அவள் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். அம்மா நம்பவில்லை. ஒரு வருடம் அவர் கை ஓங்காமல் இருந்தும் நம்பவில்லை.

பிறகு ஒரு காலை. பெரிய அதிகாரி வரும் பரேடு. அம்மா கரி இஸ்திரிப்பெட்டியை வைத்துத் தேய்க்கும்போது காக்கிச் சட்டையின் முதுகு உள்ளங்கை அகலத்துக்குக் கருகிவிட்டது. அவர் கை மேலே போனது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், கொல்லைச் சுவரைப் பிடித்துக்கொண்டு குளிர்காய்ச்சல் கண்டவர்போல நடுங்கிக்கொண்டிருந்தார். பிறகு அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு போய், அத்தனை பேர் நடுவில் ஏச்சு வாங்கினார். யார் தேய்த்தது என்று கேட்டதற்கு, நான்தான் என்றாராம். வேறொரு போலீஸ்காரர் பெண்டாட்டி வந்து சொல்லித்தான் அம்மாவுக்கே தெரிந்தது.

"அன்னைக்கித்தேன் நம்புனேன்," என்றாள் அம்மா. தலை நிமிர்ந்திருந்தது. "நீங்க சொல்ற பாசையெல்லாம் இவுக பேசுனதில்லங்கய்யா. ஆனா பன்னெண்டு வருசமா இந்த வீட்டுல நான் பயந்து எந்திரிச்ச நாளு கெடையாது. அது இவுக கொணமில்ல. இவுக கொணம் எனக்குத் தெரியும். வேற ஒருத்தர் உள்ள வந்துதேன் குடியிருந்திருக்காரு."

சுவிசேஷகர் வேதபுத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

அப்பாவின் உதடு அசைந்தது. அம்மா குனிந்து வலது காதைக் கொடுத்தாள். ஆனாலும் எஸ்தருக்கும் கேட்டது.

"காதச் சொல்லாம விட்ருவியோன்னு பாத்தேன்."

அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு உயிர் போனது. அம்மா அவர் கண்ணை மூடிவிட்டு, வேட்டியைச் சரிசெய்தாள். தெரு கூடிவிட்டது. வருகிறவர்கள் கையைப் பிடித்து அழ, அவள் யாரையும் தேற்றவும் இல்லை, அழவும் இல்லை. நல்ல விளைச்சல் கண்ட வயலுக்கு முன் நிற்கிறவள்போலக் கட்டிலின் தலைமாட்டில் நின்றாள். அம்மாவின் அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எஸ்தருக்கு, யாராவது தன்னைக் கூப்பிட்டு நீ யார் மகள் என்று கேட்கமாட்டார்களா என்றிருந்தது.

குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும் என்றார்கள். எஸ்தர் குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வெள்ளை ஜிப்பா ஒன்று கொய்யாக் கிளையில் தொங்கியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெற்று மார்பில் வியர்வை வழிய, சுவிசேஷகர் கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கைநீட்டிக் குடத்தை வாங்கி நிரப்பி வைத்தார்.

அவள் உள்ளே போய் இன்னொரு குடம் எடுத்துவந்தாள். கப்பி கிறீச்சிட, வாளி மறுபடியும் கீழே இறங்கியது.