காலியாகக் கிடந்த நாற்பத்தெட்டாவது கட்டம்

அழ வைப்பதுதான் சயோவின் பிழைப்பு. ஒசாகாவில் நாலு பேர் மட்டும் வேலை பார்க்கும் கணினி விளையாட்டுக் கம்பெனிக்குக் கதை எழுதுகிறாள். எந்த வழியில் விளையாடினாலும் கடைசியில் மனசு நொறுங்க வேண்டும். அதற்கென்றே காசு கொடுத்து வாங்க ஒரு கூட்டம் இருக்கிறது, என்னத்தைச் சொல்ல! பெட்டிக்குள் வைத்து அனுப்பும் கருத்து அட்டை 'மூன்று நாள் சோறு இறங்கவில்லை' என்று திரும்பி வந்தால், முதலாளி குரோக்கி அதைச் சுவரில் ஒட்டிவிட்டு எல்லோருக்கும் கேக் வாங்கித் தருவார்.

புது விளையாட்டில் ஷினோ என்ற பெண் எல்லா முடிவிலும் செத்துப்போகிறாள். பார்த்த காட்சிகள் சேர்கிற பக்கத்தில் நாற்பத்தெட்டுக் கட்டங்கள். படமோ நாற்பத்தேழுதான். அவசரத்தில் ஒரு படத்தை நீக்கிய சயோ, அதன் கட்டத்தை எடுக்க மறந்துவிட்டாள். காலிக் கட்டம் இருந்தால் ரகசிய முடிவு எங்கோ ஒளிந்திருக்கிறது என்றுதான் விளையாடுகிறவர்கள் நினைப்பார்கள்.

தொகாஷி என்ற டாக்ஸி டிரைவரும் அப்படித்தான் நம்பினார். வாரம் தவறாமல் கம்பெனிக்கு அஞ்சலட்டை போட்டார். "இந்த முறை ஷினோ நீட்டிய குடையை வாங்கிக்கொண்டேன். அப்போதும் செத்துவிட்டாள். நூற்றுப் பன்னிரண்டாம் தடவை."

"பாவம் சார், மனுஷன் கிடந்து அல்லாடுறாரு. அந்தப் பொண்ணு பிழைக்கிற மாதிரி ஒரு முடிவு எழுதிச் சேர்த்துடட்டுமா?" என்று முதலாளியிடம் கேட்டாள் சயோ.

"பிழைக்கிறதா? நம்ம கடையில அது விக்காதும்மா. அந்தக் காலிக் கட்டத்தாலதான் இப்ப ஓடிக்கிட்டிருக்கு. வாயத் திறக்காதே" என்றார் குரோக்கி.

சயோவுக்கு மனசு கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து, அட்டையில் தொகாஷி எழுதியிருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். கதை எழுதியவள் தான்தான் என்றாள்.

"ஐயையோ, சொல்லிடாதீங்க மேடம்!" தொகாஷி பதறினார். "நானே கண்டுபிடிச்சிடறேன். இது என் பொண்ணு விளையாடினது. நாப்பத்தேழையும் அவளே திறந்துட்டா. மிச்சம் ஒண்ணைத் தேடிக்கிட்டிருக்கும்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனா. திரும்பி வரல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அது இருக்குல்ல?"

ஊரையே அழ வைத்தவளுக்கு இவரிடம் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"இருக்கு சார்."

"அப்பாடா! எனக்குத் தெரியும் மேடம், எனக்குத் தெரியும்."

அடுத்த வாரமும் அட்டை வந்தது. டாக்ஸி ஓட்டுவதை விட்டுவிட்டாராம். இனி பகல் முழுக்கத் தேடலாமாம். குரோக்கி அதைச் சுவரில் ஒட்டிவிட்டு கேக் வாங்கி வந்தார். சயோவுக்குப் பெரிய துண்டாகவே வெட்டி வைத்தார்.