குவைத்துக்காரனின் அப்பா

ஜான் செல்போனை ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் நிறுத்தப் பார்த்தான். அது வழுக்கிக்கொண்டே போய், உள்ளே படுத்திருந்த மாமனார் சாமுவேலின் கால்மாட்டில் நின்றது.

"கால்மாட்ல வெக்காதய்யா, தலைமாட்ல வை. பெத்த புள்ள இல்ல?" என்றாள் செவ்வந்தி.

அவன் மனைவி சொன்னபடி தலைமாட்டில் ஒரு சொம்பைக் கவிழ்த்து அதில் போனைச் சாய்த்து வைத்தான். போனுக்குள் செவ்வந்தியின் தம்பி பீட்டர் இருந்தான். பின்னால் வெளிர்நீலச் சுவர். மேலே பாதி தெரிந்தும் தெரியாமலும் சுற்றுகிற ஃபேன். அழுது வீங்கிய முகம். குவைத்தில் லீவு தரமாட்டேன் என்றுவிட்டார்களாம். அதனால் அடக்கம் முடிகிறவரை போனிலேயே இருப்பதாகச் சொல்லியிருந்தான்.

துக்கம் கேட்க வந்த பெண்களுக்கு எதைப் பார்த்து அழுவது என்று தெரியவில்லை. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் மெல்ல மெல்லத் தலைமாட்டுக்கு நகர்ந்தார்கள். சாமுவேலின் தங்கை சிட்டம்மாள் போனையே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் ராசா பீட்டரு, கடலு தாண்டிப் பூட்டியே சாமி! ஒங்க நைனா மூஞ்சியப் பாரு, தூங்குறாப்புல கீது பாரு..."

"யத்தே, கேமராவ மறைக்கிறே. அவனுக்கு ஒன் கைதான் தெரியும்," என்றான் ஜான்.

வாசலில் பந்தலுக்குக் கயிறு இழுத்துக்கொண்டிருந்த இருசப்பன் எட்டிப் பார்த்தார். செவ்வந்திக்குத் தாய்மாமன். செத்துப்போன அக்காளுக்காக இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறவர்.

"இன்னாடி இது, பொணத்த உட்டுட்டு போன கட்டிகினு அயுவுறீங்க? செத்தவன் எவன்னு போன்ல கீறவனுக்கே சந்தேகம் வந்துடப் போவுது."

யாரோ சிரித்து, சிரித்ததை மறைக்க மூக்கைச் சிந்தினார்கள்.

செவ்வந்தி அழவில்லை. அவள் அந்த வெளிர்நீலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பீட்டர் எப்போது கூப்பிட்டாலும் அந்தச் சுவர்தான். ஒரு தடவை, "வெளிய காட்டுடா, ஒட்டகம் கீதான்னு பாக்கலாம்," என்று கேட்டாள். "வெளிய போன் எடுத்தா போலீஸ் புடிச்சிகினு பூடுவான் யக்கா," என்றான். அவளும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினாள். ஆனால் அன்றிலிருந்து அந்தச் சுவரின்மேல் அவளுக்கு ஒரு கண். குவைத்துக்கு அவனோடு போன, பக்கத்திலிருக்கிற சாலவாக்கத்துப் பையன் ஒருத்தன் ஒரே வருஷத்தில் திரும்பி வந்து, கம்பெனியையே மூடிவிட்டார்கள் என்று சொன்னபோது, அப்பாதான் முந்திக்கொண்டு பதில் சொன்னார்: "எம்புள்ள வேற கம்பெனி மாறிட்டான்." அவ்வளவு வேகமாக அப்பா எதற்கும் பதில் சொல்லி அவள் பார்த்ததில்லை.

பகல் ஏறிய நேரத்தில் கரண்ட் போனது.

ஐஸ் பெட்டியின் உறுமல் சட்டென்று நின்றது. இரவெல்லாம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்த காதுகளில் வீடு திடீரென்று பெரிதாகிப்போன மாதிரி இருந்தது. அழுகையும் நின்றது. "ஐயோ, பெட்டி!" என்று ஜான் வெளியே ஓடினான், பெட்டிக்காரனைக் கூப்பிட. இருசப்பன் அவன் பின்னால் கத்திக்கொண்டே போனார்.

செவ்வந்தி மட்டும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பீட்டரின் தலைக்குமேல் வட்டமாகத் தெரிந்த ஃபேன் வேகம் குறைந்து, மூன்று இறக்கைகளாகப் பிரிந்து, ஒன்றை ஒன்று துரத்துவதை விட்டு, நின்றது. அவன் முகத்தில் இருந்த வெளிச்சமும் இறங்கியிருந்தது.

பீட்டர் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

"நெட்டு சிக்குது யக்கா," என்றான். குரல் துளிகூடச் சிக்கவில்லை.

சாலவாக்கத்தில் கரண்ட்டை நிறுத்தினால் சுற்றியிருக்கிற நாலைந்து ஊருக்கும் சேர்ந்துதான் போகும். இங்கே பச்சைக் குழந்தைக்கும் அது தெரியும். ஆனால் குவைத்தில் கரண்ட் போகாது என்று யார் சொன்னது? போகலாம். இதே நிமிஷத்தில் அங்கேயும் போகலாம். செவ்வந்தி தனக்குத்தானே அப்படிச் சொல்லிக்கொண்டு, கால் மரத்துப்போவதைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். போனது ஒன்றாகப் போகலாம். வருவதும் ஒன்றாகவே வருமா?

பீட்டரும் போனை வைக்கவில்லை. வைத்தால் அதுவே பதிலாகிவிடும் என்று அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அரை இருட்டில் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கண்ணாடிக்கு அடியில் அப்பா. சிட்டம்மாள் பனை விசிறியால் கண்ணாடிக்கு மேலே விசிறிக்கொண்டிருந்தாள், உள்ளே இருப்பவருக்குக் காற்று போய்ச் சேரும் என்பதுபோல.

பெட்டி ஒருமுறை இருமிவிட்டு உறுமத் தொடங்கியது. சுவரில் டியூப்லைட் கண் சிமிட்டியது. போனுக்குள் பீட்டரின் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. அவன் தலைக்குமேல் இறக்கைகள் அசைந்தன.

செவ்வந்தி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

அவளுக்கு அந்த டப்பா ஞாபகம் வந்தது. அப்பா சனிக்கிழமை தவறாமல் கண் ஆஸ்பத்திரி என்று சாலவாக்கம் போவார். போகும்போது ஒரு டப்பாவில் கருவாட்டுக் குழம்பும் சோறும். "எனக்குத்தாம்மா, பசிக்கும்," என்பார். அந்த வயசில் அவ்வளவு சாப்பிட மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். திரும்பி வரும்போது டப்பா பளபளவென்று கழுவியிருக்கும். அது அப்பா கழுவின கழுவல் இல்லை. அவர் தண்ணீர் காட்டிக் கவிழ்ப்பதோடு சரி. எந்தப் பொம்பளையோ கழுவிக் கொடுக்கிறாள் என்று முடிவுகட்டினாள் செவ்வந்தி. சிட்டம்மாளிடமே கேட்டாள். "இந்த வயசுல எவ அத்த அவருக்கு?" சிட்டம்மாள் வெற்றிலையை மென்றுகொண்டே, "எவளோ கீறா, நல்லா கயுவுறாளா இல்லியா?" என்றாள். பையில் எப்போதும் மாவு மாதிரி வெள்ளைத் தூசி. கல் அரைக்கிற கிரஷர் பக்கம் இருக்கிற வீடாக இருக்கும், கல் உடைக்கிற எவனோ ஒருத்தனின் விதவை என்றெல்லாம் அவள் யோசித்து வைத்திருந்தாள்.

தாய் இல்லாத தம்பிக்குப் பள்ளிக்கூட டப்பாவை உமி போட்டுத் தேய்த்துக் கழுவக் கற்றுக் கொடுத்தது யார் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

அப்பா எதற்காக இந்தப் பொய்யைக் காப்பாற்றினார்? அதைத்தான் அவளால் முதலில் பிடிக்க முடியவில்லை. பிறகு டீக்கடை பெஞ்சு கண்ணில் வந்தது. ஊர்த் தெரு முனையில் இருக்கிறது. பிறந்ததிலிருந்து அப்பா அந்தக் கடையில் நின்றுகொண்டுதான் டீ குடித்தார். நடவுக்கும் அறுப்புக்கும் அவரைக் கூப்பிட்டவர்கள் உட்காரச் சொன்னதில்லை, அவரும் உட்கார்ந்ததில்லை. பீட்டர் பிளேன் ஏறின வாரம், காலனி முனையில் அவன் படம் போட்ட ஃப்ளெக்ஸ் நின்றபோது, யாரோ நகர்ந்து, "குவைத்துக்காரனோட அப்பா, இப்பிடி உக்காரு," என்றார்களாம். வீட்டுக்கு வந்து அதை அவர் ஒரு செய்தியாகச் சொல்லவில்லை. "டீ நல்லா இருந்துச்சி," என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் நின்று குடிக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் அந்தப் பெஞ்சிலேயே, கையில் தம்ளரோடு, சாய்ந்துவிட்டார்.

ஜான் வியர்த்து வழிய உள்ளே வந்தான். "வந்துட்ச்சா? அப்பாடா. பீட்டரு, லைன்ல கீறியா மச்சான்? அங்க டைம் இன்னா இப்ப?"

"இங்க... இப்பதான் விடிஞ்சி கொஞ்ச நேரம் ஆவுது மாமா."

செவ்வந்தி புருஷனின் முகத்தைக் கவனித்தாள். நிஜமாகத்தான் கேட்டானா, தெரிந்துகொண்டே கேட்டானா? சிட்டம்மாளைப் பார்த்தாள். விசிறி ஒரே சீராக ஆடிக்கொண்டிருந்தது. யாருக்கெல்லாம் தெரியும்? எல்லாருக்கும் தெரிந்து, தனக்கு மட்டும் தெரியாமல் இத்தனை நாள் ஓடியிருக்கிறதா? சொந்த வீட்டில் எல்லா முகமும் மூடி போட்ட பாத்திரம் மாதிரி இருந்தது அவளுக்கு.

சாயங்காலம் பாஸ்டர் வந்தார். பெட்டியிலிருந்து எடுத்து, குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி கட்டி, மரப்பெட்டியில் கிடத்தினார்கள். ஜெபம் முடிந்தது. மூடி அடிப்பதற்கு முன்னால் மகன் கையால் முகத்துக்குத் துணி போட வேண்டும். சுற்றி நின்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள்.

"நான் போன காட்டிகினே போட்றேன் மாமா," என்றான் ஜான். "பீட்டரு போட்ட மாதிரிதான். இப்ப எல்லா ஊர்லயும் அப்பிடித்தான் பண்றாங்க."

"போன் மண்ணு போடுமா? நாளைக்கு கருமாதிக்கி மொட்டையும் போனுக்கே அடிச்சிடலாமா?" என்றார் இருசப்பன். பிறகு குரல் உடைந்து, "ஒரு புள்ளயப் பெத்தான். அவங்கைல ஒரு துணிக்குக் குடுத்து வெக்கல," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செவ்வந்தி சொம்பின்மேல் இருந்த போனை எடுத்தாள். "கொஞ்சம் இருங்க," என்று பின்பக்கமாக நடந்தாள். அடிபம்பு அருகில் யாரும் இல்லை. போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். இப்போது ஒரு வார்த்தை அவள் உரக்கச் சொன்னால் போதும். பந்தலில் இருக்கிற அத்தனை பேரும் வருவார்கள். அவன் வந்துதான் ஆகவேண்டும். இருசப்பனே ஆளனுப்பி இழுத்து வருவார். அப்பாவின் முகத்துக்குத் துணி விழும். நாளைக் காலையில் அந்த டீக்கடையில் எல்லாரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"பீட்டரு."

"இன்னா யக்கா."

"பகல்ல போன கரண்ட்டு ஒனக்கு வந்துட்ச்சி இல்ல?"

அவன் உதடு அசைந்து நின்றது. எங்கோ தூரத்தில் கல் அரைக்கிற இயந்திரத்தின் சத்தம் போனுக்குள் கேட்டது. அல்லது அது ஐஸ் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோக வந்த வண்டியின் சத்தமாக இருக்கலாம்.

"ஏரிக்கரை ஓரம்தான் பொதைக்கிறோம். அம்மா பக்கத்துல," என்றாள். "இப்ப எடுத்துருவோம். சொல்லிட்டேன்."

அவனே போனை அணைத்தான்.

அவள் உள்ளே போய், "நெட்டு கட்டாயிட்ச்சி," என்றாள். துணியை ஜானின் கையிலிருந்து வாங்கி, தானே அப்பாவின் முகத்தில் போட்டாள். பொம்பளை போடலாமா என்று ஒரு குரல் எழுந்தது. இருசப்பன் திரும்பிப் பார்த்த பார்வையில் அது அடங்கியது.

ஏரியில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. பெட்டி குழிக்குள் இறங்கும்போது கரையின்மேல் ஒரு பைக் வந்து நின்றது. அதில் இருந்தவன் இறங்கவில்லை. ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. சட்டை, பேன்ட், ஷூ எல்லாவற்றிலும் வெள்ளைத் தூசி.

"எவன்டா அவன்? சாவுக்கு எறங்கி நிக்கக்கூடத் தெரியல," என்றார் இருசப்பன்.

"கிரஷர் ஆளு போலக்கீது," என்றான் ஜான், கண்ணுக்கு மேலே கை வைத்துப் பார்த்து. "கூப்டு இன்னான்னு கேக்கட்டுமா?"

"யாரோ வயிப்போக்கன்," என்றாள் செவ்வந்தி. "நீ மண்ணப் போடுய்யா."

அவள் மூன்று பிடி போட்டாள். நாலாவதாக ஒரு பிடி எடுத்தாள். அதைக் குழியில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். கூட்டம் குளிக்கக் கிளம்பிய பிறகு கரையைப் பார்த்தாள். பைக் இல்லை. கையை விரித்து மண்ணை மேட்டின் ஓரமாகத் தனியே குவித்துவைத்தாள்.

சாவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று சிட்டம்மாள் தன் வீட்டிலிருந்து சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்திருந்தாள். இருட்டுகிற நேரத்தில் மேட்டில் மெழுகுவத்தி ஏற்றக் கிளம்பிய செவ்வந்தி, பரணிலிருந்து அந்த டப்பாவை எடுத்தாள். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். பின்னால் சிட்டம்மாள் வந்து நின்றதை அவள் பார்க்கவில்லை.

"இது பத்தாது," என்றாள் சிட்டம்மாள். "இன்னும் ரெண்டு கரண்டி வை."

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்காததைச் செவ்வந்தி கவனித்துக்கொண்டாள். இரண்டு கரண்டி வைத்து மூடினாள்.

மறுநாள் காலையில் சிட்டம்மாள் ஒரு சொம்பில் பால் எடுத்துக்கொண்டாள். கிறிஸ்தவ வேதத்துக்கு மாறின அண்ணனுக்குப் பால் ஊற்றுவதைப் பாஸ்டர் பார்த்தால் என்ன சொல்வார் என்று ஜான் கேட்டான். "பாஸ்டரு தூங்கிகினு கீறாரு, நீ வாய மூடு," என்றாள். மூன்று பேரும் ஏரிக்கரையில் நடந்தார்கள். பனி இறங்கியிருந்தது.

மெழுகு உருகி ஒழுகி மேட்டில் வெள்ளையாக உறைந்திருந்தது. செவ்வந்தி தனியே குவித்து வைத்திருந்த மண் அந்த ஓரத்தில் இல்லை. சிலுவைக்குப் பக்கத்தில் டப்பா கவிழ்த்து வைத்திருந்தது, பளபளவென்று, மூடி தனியாக.

ஜான் அதைப் பார்த்தான். ஏரிப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

செவ்வந்தி குனிந்து மூடியை எடுத்தாள். அதன் விளிம்பில் தண்ணீர் இன்னும் காயவில்லை.