தேயாத பிரேக்

"கட்டை! அண்ணி, கட்டையைப் போடுங்க!"

கத்திக்கொண்டே ட்ரெய்லருக்கு முன்னால் பாய்ந்தான் சின்னவன். படகு ஏற்றாத வெறும் ட்ரெய்லர்தான். ஆனால் வெறும் ட்ரெய்லரே நானூறு கிலோ. பட்டறை முற்றம் வாசலை நோக்கிச் சரிவு. வாசலுக்கு அப்பால் லாரிகள் பறக்கும் சாலை. தோளைக் கொடுத்து முட்டினான். ஜல்லியில் கால் வழுக்கியது. ஒரு அடி போனது. இன்னொரு அடியும் போனது.

அண்ணி பதறவில்லை. கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு குனிந்தாள். மரக்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துக் காலால் ஓங்கி ஓர் உதை விட்டாள். ட்ரெய்லர் குலுங்கி நின்றது.

சின்னவனுக்கு மூச்சு வாங்கியது. "கட்டையை யார் எடுத்தது?"

"நான்தான்."

"எதுக்கு அண்ணி?"

"பிரேக் பிடிக்குதான்னு பாத்தேன். பிடிக்கலை. பாத்துட்டேன்."

"தனியா நிக்கிற ட்ரெய்லருக்கு பிரேக் ஏது? முன்னால இழுக்குற வண்டி பிரேக் போட்டா, பின்னால வர்ற இது போய் முட்டும். முட்டினா இந்தக் கழுத்து உள்ள போகும்." ட்ரெய்லரின் முன்முனையில், வண்டியோடு மாட்டும் கப்ளரைத் தட்டிக் காட்டினான். "கழுத்து உள்ள போனா எண்ணெயை அழுத்தும். எண்ணெய் சக்கரத்தைப் பிடிக்கும். முட்டுறதுதான் இதுக்கு பிரேக்கே. இன்னும் ரெண்டு செகண்ட் போயிருந்தா நான் சாலையில இருந்திருப்பேன்."

"உங்க அண்ணனும் அப்படித்தான் சாலையில கிடந்தார், தம்பி."

'தம்பி' என்றாள். 'உங்க' என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவனை 'டேய் சின்னவனே' என்று கூப்பிட்ட வாய். விபத்து நடந்து பன்னிரண்டு நாளாக இந்த மரியாதைதான். அந்த மரியாதை செருப்படியைவிட நன்றாக உறைத்தது.

மாடி ஜன்னலிலிருந்து ஊன்றுகோலால் தட்டும் சத்தம் கேட்டது. அண்ணன். இடது கால் தொடைவரை மாவுக்கட்டு.

"என்னடி அங்க சத்தம்? புது பிரேக்கைப் போட்டுட்டு, பட்டறைச் சாவியை வச்சிட்டு, பொழுது சாயறதுக்குள்ள கிளம்பச் சொல்லு அவனை! காலை ஒடிச்சது போதும், கழுத்தை ஒடிக்கிறதுக்குள்ள போகட்டும்!"

சின்னவன் ஜன்னலை நிமிர்ந்து பார்க்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன், இப்போது ட்ரெய்லரில் இருக்கும் பிரேக்கை வாங்கியவனும் மாட்டியவனும் அவன்தான். இறக்கத்தில், பாலத்து வளைவில், அண்ணன் ஜீப்பின் பிரேக்கை மிதித்தபோது பின்னால் இருந்த ட்ரெய்லர் நிற்கவில்லை. இரண்டு டன் படகோடு ஜீப்பைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் சாத்தியது. யார் குற்றம் என்று கேட்கவே தேவையில்லை. ஊரே சொல்லிவிட்டது. பதினான்கு வருடம் உழைத்த பட்டறையில் அவனுக்கு மிச்சம் இருந்தது இந்த ஒரு பகல், இந்த ஒரு வேலை.

அதையும் அண்ணியின் கண்ணுக்கு முன்னால் செய்ய வேண்டும்.

காலையில் உதிரிபாகக் கடையிலும் அப்படித்தான். கடைக்காரர் நான்கு பெட்டிகளை மேசையில் பரப்பினார். அண்ணி ஒவ்வொன்றையும் போலீஸ்காரர் லைசென்ஸைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இது என்ன?"

"எலக்ட்ரிக். கரண்ட் பாஞ்சதும் காந்தம் இழுத்துப் பிடிக்கும்," என்றார் கடைக்காரர்.

"அதையே குடுங்க. எண்ணெய், முட்டுன்னு கதையெல்லாம் இல்லாம இருக்குமே."

"வேண்டாம் அண்ணி," என்றான் சின்னவன். "படகை இறக்க ட்ரெய்லர் உப்புத் தண்ணிக்குள்ள அச்சு முங்குற வரைக்கும் போகும். காந்தம் ஒரு வருஷம் தாங்காது."

"நீங்க பேசாதீங்க. நான் அவரைக் கேட்டேன்."

கடைக்காரர் நெளிந்தார். "தம்பி சொல்றது சரிதாம்மா. தண்ணியில இறங்குற ட்ரெய்லருக்கு எண்ணெய் பிரேக்தான். டிரம்மா, டிஸ்க்கான்னு கேட்டா டிஸ்க். டிரம்முக்குள்ள உப்பு உக்காந்தா வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி, கிளம்பவே கிளம்பாது. டிஸ்க்னா ஒரு வாளித் தண்ணி ஊத்தினா போதும்."

"உங்க ரெண்டு பேருக்கும் எத்தனை நாள் பழக்கம்?"

"பழக்கமா? எனக்கு இவரை வருஷத்துக்கு ரெண்டு தடவை தெரியும்மா. மீதி நாள்ல இவர் உங்க ஊட்டுக்காரருக்குத்தான் சொந்தம்."

அண்ணி சிரிக்கவில்லை. அச்சு தாங்கும் எடை என்ன, பெட்டியில் போட்டிருக்கும் எடை என்ன என்று இரண்டையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். சின்னவன் வெர்னியர் அளவுகோலில் அளந்து வந்திருந்த அச்சுமுனையின் குறுக்களவை, கடைக்காரரைத் தனியாக அளக்கச் சொல்லி ஒப்பிட்டாள். பூச்சு போட்டதா, துருப்பிடிக்காத எஃகா என்று கடைக்காரர் கேட்டபோது எஃகு என்றாள். எல்லாவற்றையும் கைபேசியில் படம் பிடித்தாள்.

இன்னொன்றும் செய்தாள். அதுதான் சின்னவனை உறுத்தியது. போல்ட் போகும் ஒவ்வொரு ஓட்டையிலும் சுண்டு விரலை விட்டுப் பார்த்தாள். டிஸ்க்கில், அதைக் கவ்வும் காலிப்பரில், தாங்கும் சட்டத்தில். விட்டுப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, அடுத்த ஓட்டைக்குப் போனாள்.

என்ன தேடுகிறாள்? வெடிப்பையா? அறுத்த தடத்தையா? 'நான் ஏதோ சதி பண்ணினேன் என்றே முடிவு கட்டிவிட்டாளா?'

அண்ணி கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவேயில்லை.

இப்போது முற்றத்திலும் அதே பை, அதே தோள். சின்னவன் ஜாக்கியை ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, கட்டையை இரண்டு முறை உதைத்துப் பார்த்துவிட்டு இடது சக்கரத்தைக் கழற்றினான். அண்ணி எதிரே ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தாள்.

"கழட்டுற ஒவ்வொண்ணையும் என்கிட்ட குடுங்க. கீழ வைக்காதீங்க."

"கிரீஸ் அண்ணி. கையெல்லாம் ஆகும்."

"ஆகட்டும். கழுவினா போற அழுக்குதான்."

குத்தல் எங்கே குத்துகிறது என்று தெரிந்துகொண்டே காலிப்பரை உருவினான். உள்ளேயிருந்து, டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பட்டைகளைத் தட்டி எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான்.

"என்ன?"

பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெயிலில் பிடித்தான். புதுப் பெட்டியைப் பிரித்து ஒரு புதுப் பட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். கனத்தில் நகக்கண் அளவுகூட வித்தியாசம் இல்லை.

"தேயவே இல்லையே," என்றாள் அண்ணி.

"தேயலை."

டிஸ்க்கில் கீறல் இல்லை. எண்ணெய்க் குழாயில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. பிஸ்டன் கையால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. வலது சக்கரத்தைக் கழற்றினான். அங்கேயும் அதே. கப்ளரின் மேல்மூடியைத் திறந்தான். எண்ணெய் விளிம்புவரை நின்றது, தேன் நிறத்தில்.

பன்னிரண்டு நாளாகச் சின்னவன் தன்னையே சந்தேகப்பட்டிருந்தான். விலை குறைவு என்று வாங்கினோமா, போல்ட்டை இறுக்க மறந்தோமா, காற்றை வெளியேற்றாமல் விட்டோமா என்று ராத்திரியெல்லாம் புரண்டிருந்தான். இப்போது கையில் இருப்பது நல்ல பிரேக். குறையில்லாத பிரேக். குறையில்லாத பிரேக் ஏன் பிடிக்கவில்லை?

தலையைத் தூக்கினான். அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களே ராத்திரி வந்து புதுப் பட்டை மாத்தி வச்சிட்டீங்களோ?"

"அண்ணி!"

"கேக்குறேன். சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"மாத்தியிருந்தா கிரீஸ் மேல இந்தப் புழுதி படிஞ்சிருக்குமா? எட்டு மாசப் புழுதி. தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தாள். விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தாள். பிறகு, காலிப்பரின் ஓட்டையில் சுண்டு விரலை விட்டாள். பழையபடி உதட்டைப் பிதுக்கினாள்.

இப்போது சந்தேகம் சின்னவனுக்கு வந்தது. சற்று முன் கட்டையை எடுத்தவள் இவள். பையை இறக்காதவள் இவள். பிரேக் நன்றாக இருக்கிறது என்றதும் ஆச்சரியப்படாதவளும் இவள்தான். அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது?

"நல்லா இருக்கிறதை எதுக்கு மாத்தணும் அண்ணி? அண்ணன்கிட்ட சொல்லுவோம்."

"மாத்துங்க. வேலையை முடிங்க. முழுசா நான் பாக்கணும்."

மாற்றினான். பேரிங்கில் உள்ளங்கையால் கிரீஸைத் திணித்தான். டிஸ்க்கை ஏற்றி நட்டை இறுக்கி, கால் சுற்று தளர்த்தி, நட்டு கழலாதபடி பூட்டு ஊசியைச் சொருகினான். காலிப்பரில் இடது வலது பார்த்து, காற்று வெளியேறும் முனை மேலே வரும்படி மாட்டினான். "தலைகீழா மாட்டினா காற்று உள்ளயே தங்கிடும்," என்று அவனாகவே சொன்னான். யார் கேட்டார்கள்? பழக்கம். பதினான்கு வருடமாக அண்ணிக்கு இப்படிச் சொல்லிச் சொல்லியே பாதி மெக்கானிக் ஆக்கியிருந்தான்.

கடைசி வேலை, குழாயிலிருந்து காற்றை எடுப்பது. அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

"நீங்க கப்ளர்கிட்ட நில்லுங்க. இந்தக் கம்பியை விட்டு நெம்பினா கழுத்து உள்ள போகும். அழுத்துன்னா அழுத்துங்க. விடுன்னா விடுங்க."

"ம்."

"அழுத்துங்க!"

அழுத்தினாள். சின்னவன் முனையைத் தளர்த்தினான். குழாயில் குமிழ் குமிழாக எண்ணெய் வந்தது. முனையை இறுக்கினான்.

"விடுங்க. அழுத்துங்க... விடுங்க... அழுத்துங்க!"

அழுத்தம் வரவில்லை.

"அண்ணி?"

எழுந்து பார்த்தான். அண்ணி கம்பியை விட்டுவிட்டிருந்தாள். குனிந்து கப்ளரின் பக்கவாட்டில் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து முழுசாக வெளியே வந்து நின்றால் மட்டும், வெளிக்கூட்டிலும் உள்ளே நகரும் கழுத்திலும் இருக்கும் இரண்டு ஓட்டைகள் நேர்க்கோட்டில் வரும். வந்திருந்தன. அந்த ஓட்டையில் சுண்டு விரலை விட்டாள். இந்த முறை உதட்டைப் பிதுக்கவில்லை.

"இது எதுக்கு?" குரல் இறங்கியிருந்தது.

"அதுவா? பழைய கால ஏற்பாடு. ரிவர்ஸ் எடுக்கும்போதும் வண்டி ட்ரெய்லரை முட்டுமில்ல? இது நிறுத்தச் சொல்றாங்கன்னு நினைச்சு பிரேக்கைப் பிடிச்சிடும். மேட்டுல ஒரு அடி பின்னால போகாது. அதனால இதுல ஒரு முளையைச் சொருகிடுவாங்க. கழுத்து அசையாது. பிரேக் பிடிக்காது. ரிவர்ஸ் முடிஞ்சதும் முளையை உருவிடணும்."

"உருவ மறந்தா?"

"மறந்தா..." சின்னவன் நிறுத்தினான். "மறந்தா பிரேக்கே கிடையாது. எத்தனை தடவை புதுசு மாட்டினாலும் கிடையாது. அதுக்குத்தான் நான் இந்த முளை வேலையே வேண்டாம்னு ரிவர்ஸ் லைட்டிலேருந்து அஞ்சாவது ஒயர் இழுத்தேன். ரிவர்ஸ் போட்டா அதுவே எண்ணெய் வழியை மூடிடும்."

"அந்த ஒயர் இல்லாத வண்டியில மாட்டினா?"

"ரிவர்ஸே போகாது."

"உங்க அண்ணன் போன மாசம் வாங்கின ஜீப்புல இருந்துச்சா?"

இல்லை. நாலு ஒயர்தான். வாங்கி வந்த அன்றே சின்னவன் சொன்னான், 'அண்ணே, அரை மணி நேரம் குடு, அஞ்சாவது ஒயர் இழுத்துத் தர்றேன்' என்று. 'என் வண்டியில நீ கை வைக்காதே. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே படகு இழுத்தவன் நான்' என்று பதில் வந்தது. அதோடு இரண்டு பேருக்கும் ஒரு வாரம் பேச்சில்லை.

அப்படியானால் விபத்தன்று, படகுத்துறை மணலில், ஜீப்பைப் பின்னால் எடுத்துப் படகை ஏற்றினானே அண்ணன். எப்படி?

சின்னவன் குனிந்து ஓட்டையைப் பார்த்தான். கூடு முழுக்க உப்புத் துரு. ஓட்டையின் ஓரத்தில் மட்டும் துரு இல்லை. பிறை வடிவில் ஒரு நசுங்கல், புதிதாகப் பளபளத்தது. ஏதோ ஒன்று அங்கே இருந்து, இரண்டு டன் தள்ளலைத் தடுத்து நின்றிருக்கிறது. ஆனால் விபத்துக்குப் பிறகு ட்ரெய்லரை இழுத்து வந்தவன் அவனே. அப்போது ஓட்டையில் எதுவும் இல்லை. சத்தியமாக இல்லை.

"அன்னைக்கு உங்க அண்ணன் எங்க கிடந்தார்?" என்றாள் அண்ணி.

"ஜீப்புல இல்ல. கீழ... கப்ளர்கிட்ட. ஒடிஞ்ச காலோட தவழ்ந்து போயிருக்கார். படகுக்கு என்ன ஆச்சோன்னு பாக்கப் போனார்னு எல்லாரும்..."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். என்ன தொழில் பக்தின்னு அழுதேன்கூட."

மாடி ஜன்னலில் ஊன்றுகோல் தட்டியது. "இன்னுமா முடியலை? என்னடி பேச்சு அவன்கூட?"

காலையிலிருந்து முதல் தடவையாக அண்ணி கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினாள். உள்ளேயிருந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். சுண்டு விரல் தடிமனில் ஒரு எஃகு முளை. பழைய புரொப்பல்லர் தண்டில் அறுத்தது. தலையில் ஒரு வளையம் வெல்டு வைத்து, வளையத்தில் ஆரஞ்சு நைலான் கயிறு. அந்த வெல்டை சின்னவன் ஆயிரம் வெல்டுகளுக்கு நடுவிலும் கண்டுபிடிப்பான். அந்தக் கையிடம்தான் அவன் தொழில் பழகினான்.

அண்ணி முளையை ஓட்டையில் வைத்து அழுத்தினாள். தனக்கென்றே செய்த உறையில் போவதுபோல் போய் உட்கார்ந்தது. முளையின் பக்கத்திலும் ஒரு பிறை நசுங்கல் இருந்தது. இரண்டு பிறையும் ஒன்றாகச் சேர்ந்தன.

"இது எதுக்குன்னு எனக்குத் தெரியலைடா சின்னவனே. எந்த ஓட்டைக்குச் சேரும்னு பாக்கத்தான் உன் வேலை முழுசும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்." நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். திரை விழுந்திருந்தது. "ஆஸ்பத்திரியில உன் அண்ணன் சட்டையைக் கத்தரிச்சு ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாங்கல்ல? அதோட பாக்கெட்டுல இருந்துச்சு."