நீங்க முதல்ல இறங்குங்க

லென் டக்வெல் ஒன்பது வருஷமாகத் தன் சின்ன விமானத்தில் பெரிண்டில்லா விமானத் திடலுக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறான், இன்னும் இறங்கவில்லை. மாட்டு விலை சரிந்துவிட்டது, ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு கூடிவிட்டது, லென் மேலேதான் இருக்கிறான் என்று ஊர் மதுக்கடையில் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அவனுடைய பெட்ரோல் முள் பாதியில் நின்றது நின்றபடியே நிற்கிறது. தாழப் பறக்கும் நாட்களில் கண்ணாடிக்குப் பின்னால் தாடி தெரியும். தரையிறங்கும் கட்டணத்தை எப்படி வசூலிப்பது என்று ஊராட்சி ஒரு கூட்டம் போட்டுப் பார்த்தது. இறங்காதவனிடம் எதை வசூலிப்பது என்று கலைந்து போனார்கள்.

பெரிண்டில்லாவில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. செம்மண்ணில் ஒரு ஓடுபாதை, காற்றின் திசை காட்ட ஒரு காற்றுப்பை, பாதையில் படுக்கும் கங்காருக்களை விரட்ட லென் மனைவி நொயெலீன் ஓட்டும் பழைய வண்டி, அவ்வளவுதான் விமான நிலையம். நான் இன்ன திசையில் வருகிறேன், இன்ன உயரத்தில் இருக்கிறேன், இறங்கப்போகிறேன் என்று விமானிகளே எல்லோருக்கும் பொதுவாக ரேடியோவில் சொல்லிவிட வேண்டும். கேட்டவர் விலகிக்கொள்வார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது மற்ற ஊர்களில் பழமொழி, இங்கே சட்டம்.

அந்தச் சட்டத்தைத்தான் லெனும் பக்கத்துப் பண்ணை சிரில் ஹாக்கெட்டும் மீறினார்கள். வேலிக்கம்பியை இழுத்து இறுக்கும் கருவி ஒன்றை சிரில் இரவல் வாங்கினான். திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றான் அவன், கொடுக்கவே இல்லை என்றான் லென். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. கல்யாணத்தில் எதிரெதிர் மேசை, சாவு வீட்டில் எதிரெதிர் வாசல். ரேடியோவில் மட்டும் எப்படிப் பேசுவார்கள்? காற்றே இல்லாத, எந்தப் பக்கத்திலிருந்தும் இறங்கலாம் என்றிருந்த ஒரு மத்தியானம், பாதையின் கிழக்கு முனையிலிருந்து ஒருவனும் மேற்கு முனையிலிருந்து ஒருவனும் ஒரே நேரத்தில் இறங்க வந்தார்கள். வானத்தில் வேறு யாருமில்லை என்று இருவருக்கும் தெரியும். இருக்கிற ஒருவனோடுதான் பேச்சில்லையே, யாரிடம் சொல்வது என்று இருவருமே வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா! கடைசி நொடியில் லென் மூக்கைத் தூக்கினான். அவன் சக்கரம் சிரிலின் இறக்கைமேல் கறுப்பாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனது.

அப்போதுதான் அவன் வாய் திறந்தது. "மன்னிச்சிடுங்க. நீங்க முதல்ல இறங்குங்க. நான் ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்."

அந்த ஒரு சுற்றுதான் இன்றுவரை நீள்கிறது. தபால் விமானம் வந்தது, விட்டுக்கொடுத்தான். மருத்துவர் வந்தார், விட்டுக்கொடுத்தான். குதிரைப் பந்தய நாளில் ஈசல் மாதிரி வந்து மொய்த்த அத்தனை பேருக்கும் விட்டுக்கொடுத்தான். விட்டுக்கொடுத்தவன் கெட்டுப்போவதில்லை என்பார்கள். கெட்டுப்போகவில்லைதான், வீடு வந்தும் சேரவில்லை. நொயெலீன் குளிர்பெட்டி மேல் ரேடியோவை வைத்துக்கொண்டு சமைத்தாள். அவள் காயப்போட்ட துணிமேல் அவன் நிழல் வந்து வந்து போனது.

"யாருமே இல்லாதப்ப இறங்கேன் லென். கறி அடுப்புல இருக்கு," என்பாள்.

"யாரும் இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்? பேசாம வர்றவன் ஒருத்தன் இருப்பான் நொயெலீன். நானே அப்படி வந்தவன்தானே?"

முதல் வருஷம் அழுதாள், இரண்டாம் வருஷம் திட்டினாள், அப்புறம் கங்காரு விரட்டினாள். முழங்கால் தேய்ந்தது. கடற்கரைப் பக்கம் இருக்கும் தங்கை, இங்கே ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது, வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவனை மேலே விட்டுவிட்டு எப்படிப் போவது? ஒருவேளைச் சாப்பாட்டுக்காவது எதிரில் வந்து உட்கார மாட்டானா? அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அலுப்பு எலும்புவரை இறங்கிவிட்ட ஒரு காலையில் சிரில் வீட்டுக்கு வண்டியை விட்டாள்.

சிரில் அந்த நாளுக்குப் பிறகு விமானத்தைத் தொடவில்லை. இறக்கையில் இருந்த கறுப்புக் கோட்டைத் துடைக்கவும் இல்லை.

"என்னால முடியல சிரில். அவன் பயப்படுறது உன் ஒருத்தனுக்குத்தான். மேல போயி உன் வாயால சொல்லு, இறங்குடான்னு."

"அவன்தானே முதல்ல மூஞ்சியத் திருப்பினான்?"

"அடப்பாவி, ஒன்பது வருஷமாவா கணக்குப் பாக்குற? எனக்கு ஒரு மனுஷன் வேணும்யா. ரேடியோப் பெட்டி போதும்னு நான் கல்யாணம் பண்ணல."

சிரில் எழுந்து போய் விமானத்தின் மூக்கில் குருவி கட்டியிருந்த கூட்டை அலுங்காமல் எடுத்து ஓரமாக வைத்தான்.

நொயெலீன் பாதை ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கைரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டாள். மடியில் இறைச்சிப் பணியாரம், துணி சுற்றி, சூடாக.

"பெரிண்டில்லாவுல இருக்கிற எல்லாருக்கும்," என்றது சிரிலின் குரல். "சிரில் ஹாக்கெட். தெற்கால வர்றேன். லென், எனக்கு உன்னத் தெரியுது. நீ இறங்கு."

மேலே சுற்றிக்கொண்டிருந்த விமானம் ஒருமுறை இறக்கையைச் சாய்த்தது.

"நீதானா?" என்றான் லென்.

"நான்தான்யா. அந்தக் கருவி என் கொட்டகையிலதான் தொங்குது."

"தெரியும். அன்னிக்கே எட்டிப் பாத்தேன்."

"பாத்துட்டா பேசாம இருந்த?"

"நீயா சொல்லுவன்னு இருந்தேன்."

லென் சிரித்தான். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதையே நொயெலீன் மறந்திருந்தாள். கைரேடியோவின் ஒலியைக் கூட்டினாள்.

"சரி, நீ முதல்ல இறங்கு சிரில். உனக்கு வயசாச்சு."

"உனக்கு மட்டும் குறையுதா? ஒன்பது வருஷமா காத்திருக்க. நீ இறங்கு."

"அது முறையில்ல. நீ இறங்கு."

"நான் உன்ன இறக்கிவிட வந்தவன்யா. நீ இறங்கினாத்தான் நான் இறங்குவேன்."

வெயில் சாயும்வரை இதுவே நடந்தது. நடுநடுவே மழையைப் பற்றியும் செத்துப்போன நாய்களைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். தன் பெட்ரோல் முள்ளும் பாதியிலேயே நிற்கிறது என்று சிரில் ஒருமுறை சொன்னான், ஆச்சரியப்படாமல். மடியில் இருந்த பணியாரம் ஆறியது. நொயெலீன் துணியைப் பிரித்துப் பாதியைத் தின்றாள். யோசித்துவிட்டு மீதியையும் தின்றாள். பிறகு வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு, திடல் வாசலில் நின்று ரேடியோவின் பொத்தானை அழுத்தினாள்.

"பெரிண்டில்லாவுல இருக்கிற எல்லாருக்கும். நொயெலீன், தரையில, வாசல்கிட்ட. கிழக்கால போறேன். திரும்பி வர்றதா இல்ல."

ஏதாவது கேட்பான் என்று நினைத்தாள். கேட்டிருந்தால் நின்றிருப்பாள்.

"சரி நொயெலீன்," என்றான் லென், மிகவும் அன்பாக. "நீ முதல்ல போ."

அவள் போனாள்.

இப்போது விமானிகளுக்கான கையேட்டில் பெரிண்டில்லா பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: திடலுக்கு மேலே இரண்டு விமானங்கள் எப்போதும் உண்டு, வழிவிடுவார்கள். கங்காரு விரட்ட வேறு ஆள் போட்டாகிவிட்டது. குருவி வேறு இடத்தில் கூடு கட்டிக்கொண்டது. கடற்கரை ஊரில், ரொட்டிக்கடை வாசலில், யாராவது மரியாதையாக ஒதுங்கி நின்று, நீங்க முதல்ல போங்க என்றால், நொயெலீன் ஒரு கணம் வானத்தைப் பார்ப்பாள். நன்றி சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.