கறண்ட் கணக்கில் கிடந்த மிச்சம்

மேசையில் கிடந்த போன் அதிர்ந்தபடி ஓரத்துக்கு நகர்ந்தது. திரையில் 'தம்பி' என்று விழுந்தது. பவதாரணி ஒரு கையால் அப்பாவின் தலையைத் தாங்கி, மறுகையால் இளநீர்க் கரண்டியை அவர் வாயோரம் பிடித்திருந்தாள். கரண்டியை வைத்துவிட்டுப் போனை எடுத்திருக்கலாம். கரண்டியை வைத்தாள், போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டாள்.

"ஆர் பிள்ளை?" பரமலிங்கத்தாரின் குரல் தொண்டைக்குள்ளேயே நின்றது.

"ஆருமில்லை அப்பா. போன் கொம்பனிக்காரர்."

நயினாதீவில் அந்த வீட்டில் தகப்பனும் மகளும் மட்டுந்தான். தாய் போய்க் கன காலம். தம்பி நிசாந்தன் கிளிநொச்சியில் கணக்கு வாத்தியார்; கலியாணம் கட்டி அங்கேயே தங்கிவிட்டான். பவதாரணிக்கு ஒரு சம்பந்தமும் சரிவரவில்லை. "வீடு உனக்குத்தான் பிள்ளை" என்று அப்பா சொல்வார். சொன்னாரே தவிர எழுதிக் கொடுக்கவில்லை.

மீற்றர் பார்க்க வந்தவர் படலையில் நின்று சொன்ன ஒரு பேச்சில்தான் எல்லாம் தொடங்கியது.

"இந்தமுறை கட்டத் தேவையில்லை அக்கா. கழிவு போட்டு, கணக்கில மிச்சம் கிடக்குது. கன மாசத்துக்குக் காணும்."

"நாங்கள் ஒண்டும் கேக்கேல்லையே?"

"உங்கட தம்பி ஒஃபிசோட கதைச்சவராம். இனி மெசேஜும் அவற்ற நம்பருக்குத்தான் போகும்."

தன்னிடம் ஒரு சொல் சொல்லாமல் தம்பி ஏன் இந்த வீட்டுக் கணக்குக்குள் கை வைக்க வேண்டும்? பக்கத்து வீட்டு மீனலோசனி மாமியிடம் வேலியால் கேட்டாள். மாமி உலையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்று சொன்னாள்:

"கறண்ட் கணக்கில கை வைக்கிறான் எண்டால் வீட்டில கண் வைச்சிட்டான் பிள்ளை. என்ர தமையனும் இப்பிடித்தான் தொடங்கினவர். முதல்ல பில் அவற்ற பேருக்கு மாறினது. பிறகு நான் சும்மா வந்து இருந்தவள் எண்டு கோட்டு வழக்கில சொன்னார்."

அதன்பிறகு தம்பி எதைக் கேட்டாலும் அதற்குள் இன்னொன்று ஒளிந்திருப்பதுபோல் இருந்தது. "அக்கா, உங்கட அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்புங்கோ" என்றான் ஒருநாள். என்னத்துக்கு என்று கேட்டாள். "ஒரு அலுவல். வந்து சொல்லுறன்." அன்றே வீட்டு உறுதிப் பத்திரத்தை அலுமாரியிலிருந்து எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்தாள். அவனுடைய அழைப்புகளை எடுப்பதையும் விட்டாள்.

இன்று காலை டாக்குத்தர் வந்து பார்த்தார். "போட்டில ஏத்தினால் தாங்கமாட்டார். வேண்டியவைக்குச் சொல்லிப்போடுங்கோ" என்று அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. அப்பாவின் கை போர்வைக்கு வெளியே கிடந்தது. அந்தப் பெருவிரலையே பார்த்துக்கொண்டு இருந்தாள். தம்பி வந்தால், நினைவு தப்பிய நேரத்தில் அதில் மை பூசிக் கைநாட்டு எடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள்.

மத்தியானம் அவர் கண் திறந்தார்.

"தம்பிக்குச் சொன்னியோ?"

"ஓம் அப்பா. வாறான்."

அதற்குப் பிறகு இறங்குதுறையில் போட் ஊதும்போதெல்லாம் அவர் கண்கள் வாசலுக்குப் போய் வந்தன. கடைசி போட்டும் ஊதி ஓய்ந்தது.

"வந்திட்டானோ?"

"வந்துகொண்டிருக்கிறான் அப்பா. கொஞ்சம் குடியுங்கோ."

அவர் குடிக்கவில்லை. விளக்கு வைக்கும் நேரம் மூச்சு நின்றது. கண் வாசல் பக்கமாகவே இருந்தது. அவள்தான் மூடிவிட்டாள்.

மாமி ஓடிவந்து நெஞ்சிலடித்து அழுதாள். "நீங்களே தம்பிக்குச் சொல்லுங்கோ மாமி" என்று போனை அவள் கையில் கொடுத்துவிட்டாள் பவதாரணி.

காலை முதல் போட்டில் நிசாந்தன் வந்து இறங்கினான். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டான். அவன் தோளில் கிடந்த பையை யாரோ வாங்கி மூலையில் வைத்தார்கள். பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்ரிக் ஃபைல் நீட்டிக்கொண்டு நின்றது. பறை அடித்தபோதும், பெண்கள் கட்டிப்பிடித்து அழுதபோதும், பிரேதம் படலை தாண்டிப் போனபோதும் பவதாரணியின் கண் அந்த ஃபைலைவிட்டு அகலவில்லை. செத்தவீட்டுக்கு ஃபைலோடு வருகிறவன் எதற்கு வருகிறான்?

சுடலையால் வந்தவன் கிணற்றடியில் தோய்ந்துவிட்டு, மாற்றுடுப்போடு கிணற்றுக் கட்டின்மேல் குந்தினான். ஈர வேட்டி வாளிக்குள் கிடந்தது. பவதாரணி தேத்தண்ணியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள். நின்றாள்.

"அந்த ஃபைலுக்குள்ள என்ன தம்பி?"

"அதோ?" அவன் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. "அப்பா சொன்ன அலுவல், பையோடயே கிடந்தது. கறண்ட் கணக்கை உங்கட பேருக்கு மாத்தச் சொன்னவர். நீங்கள் அடையாள அட்டையை அனுப்பேல்லை, அதால அப்பிடியே கிடக்குது."

"என்ர பேருக்கோ?"

"அப்பாவை யாழ்ப்பாணத்தில ஆசுப்பத்திரியில வைச்சிருக்கேக்க வீடு பூட்டிக் கிடந்ததெல்லே? மீற்றர் பாக்க ஏலாமல் உத்தேசமாய் பில் போட்டவை. நீங்களும் கட்டிப்போட்டியள். கதைச்சுப் பாரடா எண்டு அப்பாதான் சொன்னவர். கூடக் கட்டினதைக் கழிச்சு விட்டினம். விரும்பினால் காசாயும் எடுக்கலாம் எண்டவை. அப்பா விடேல்லை." அவன் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தான். "'அது கணக்கிலயே கிடக்கட்டும். நான் போனாப்போல அவள் பில்லுக்குப் பயந்து லைற்றை நூத்துப்போட்டு இருட்டுக்க இருப்பாள்' எண்டவர். உங்களுக்குச் சொல்லவும் வேண்டாமெண்டவர், அதுதான் மெசேஜை என்ர நம்பருக்கு மாத்தினனான். தான் சாகிற கதை எண்டு நீங்கள் அழுவியளாம்."

வேலிக்கு அப்பால் மாமி யாருக்கோ சாப்பாடு பரிமாறும் சத்தம் கேட்டது. பவதாரணி கிணற்றுக் கப்பித் தூணில் கை வைத்துக்கொண்டாள்.

"நேற்று அப்பா என்னைக் கேட்டவரோ அக்கா?"

"கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வாறான் எண்டு சொன்னனான்."

அவன் முகத்தைத் துவாயால் அழுத்திக்கொண்டான். தோள் குலுங்கி அடங்கியது.

"நல்ல வேலை செய்தனீங்கள். நான் வாறன் எண்ட நினைப்போடயாவது போயிருப்பார்."

"தம்பி, நேற்று நீ போன் எடுத்தனி..."

"விடுங்கோ அக்கா. தனிய நிண்டு பாத்தனீங்கள். போன் எடுக்க எங்க நேரம்."

அவன் எழுந்து வாளிக்குள்ளிருந்த வேட்டியை இழுத்து எடுத்தான். எட்டு முழ வேட்டி. ஒருவரால் பிழிய ஏலாது. ஒரு தலைப்பைத் தான் பிடித்துக்கொண்டு மற்றத் தலைப்பை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். அவன் ஒரு பக்கம் முறுக்க, அவள் மறு பக்கம் முறுக்கினாள். இருவருக்கும் நடுவில் தண்ணீர் சொரிந்து கிணற்றடிச் சீமெந்தில் ஓடியது. அது சொட்டாக அடங்கிய பிறகும் அவள் முறுக்கிக்கொண்டே நின்றாள்.